அறியத் துணிந்த மணியகாரர்

1834 ஆம் ஆண்டில், கொழும்பை அடுத்த கோட்டேயில் இயங்கிய சர்ச் மிஷன் அச்சகத்திலிருந்து ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. பெயர் ‘சிலோன் கெசட்டியர்’. இலங்கையின் மாகாணங்கள், பற்றுக்கள், ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள் என்று அகரவரிசையில் விவரம் தந்த நூல் அது. ஆங்கிலேயர் இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றி அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டி வீழ்ந்து 19 ஆண்டுகள். ஆளுகிறவர்களிடம் தாங்கள் ஆளும் நாட்டைப் பற்றி இப்படியொரு கைநூல் அதுவரை இல்லை. அதை எழுதியவர் கற்பிட்டியில் பிறந்த ஒரு தமிழர். வயது 27. பெயர் சைமன் காசிச்செட்டி.

அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1784 டிசம்பரில், பெர்லினில் வெளிவந்த ஒரு மாத இதழில் இம்மானுவேல் காண்ட் ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தார். ‘அறிவொளி என்றால் என்ன?’ என்று ஒரு பாதிரியார் அதே இதழில் ஓர் அடிக்குறிப்பில் கேட்டிருந்த கேள்விக்கு அது பதில். அந்தப் பதிலின் தொடக்கத்திலேயே காண்ட் ஓர் இலத்தீன் வாசகத்தை வைத்தார்: ‘சாபேரே அவுடே.’ அறியத் துணி. உன் அறிவை நீயே பயன்படுத்தும் துணிவு கொள் என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். இந்த வாசகம் இன்று மான்செஸ்டரில் ஒரு பழைய பள்ளிக்கும் நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கும் குறிக்கோளுரை. கற்பிட்டியில் எந்த வாயிலிலும் இதைப் பொறித்ததாக நான் அறியேன். ஆனால் இந்த வாசகம் கேட்கிற துணிவு எப்படியிருக்கும் என்று தமிழரிடையே தேடினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தளக் களப்பின் கரையில் வாழ்ந்த மணியகாரர் காசிச்செட்டிதான்.

வாசகம் காண்டுக்குச் சொந்தமானதன்று. கி.மு. 20 ஆம் ஆண்டை ஒட்டி ரோமக் கவிஞர் ஹொரேஸ் லொல்லியுஸ் என்ற இளைஞனுக்கு எழுதிய கவிதைக் கடிதத்தில் வருவது. ஆற்றைக் கடக்க வேண்டியவன் தண்ணீர் எல்லாம் வடிந்து முடியட்டும் என்று கரையிலேயே நின்றால் என்ன ஆகும் என்பதே அங்கே பேச்சு. ஹொரேஸின் அக்கறை தொடங்குவதில் இருந்தது. வாழ்க்கையைச் சரிசெய்வதை நாளைக்குத் தள்ளாதே என்பது அவர் புத்திமதி. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது அது வேறு நிறம் பெற்றுவிட்டது. 1736 இல் பெர்லினில் தத்துவ அன்பர்கள் சிலர் கூடி அமைத்த கழகம் இதைத் தன் பதக்கத்தில் பொறித்தது. காண்ட் அதை எடுத்தபோது அது கண்காணிகளுக்கு எதிரான சொல்லாயிற்று. எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு நூல், எனக்காக மனச்சாட்சி வைத்திருக்க ஒரு போதகர், எனக்கு உணவு விதிக்க ஒரு மருத்துவர். இவர்கள் இருக்கும்போது நான் ஏன் சிரமப்பட வேண்டும் என்று மனிதர் கேட்கிறார்கள் என்றார் அவர். சோம்பலும் பயமும் சேர்ந்த அந்த நிலையைத்தான் அவர் மனிதர் தாமே தமக்கு இட்டுக்கொண்ட சிறுபிள்ளைத்தனம் என்று கண்டித்தார்.

காண்ட் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கோனிக்ஸ்பெர்க் நகரிலேயே கழித்தவர்; கிழக்குப் பிரஷ்யாவை விட்டு வெளியே போகாதவர். ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்கு உலகப் புவியியல் நடத்தினார். 1798 இல் வந்த ஒரு நூலின் முன்னுரை அடிக்குறிப்பில் அதற்குச் சமாதானமும் சொல்கிறார்: அரசின் அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் கடல் வணிகமும் உள்ள துறைமுக நகரில் இருப்பவனுக்கு, பயணம் போகாமலே உலகமும் மனிதரும் தெரியவரும் என்று.

கற்பிட்டியில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. மற்றதெல்லாம் இருந்தது. புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் இடையே வடக்கே நீண்டு கிடக்கும் குடாநாட்டின் நுனியில், களப்பின் வாயைக் காவல் காக்கிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். கண்டி அரசர்களுக்கு இது வெளியுலக வாசல். 1667 இல் ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியதன் நோக்கமே கண்டியின் வணிகத்தை இந்த வாயில் இறுக்கிப் பிடிப்பதுதான். புத்தளத்து உப்பு மலைநாட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து பாக்கும் பிறவும் கரைக்கு வந்தன. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழி நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் வள்ளங்கள் போயின. 1690 இல் ஒல்லாந்தரின் கெடுபிடியிலிருந்து தப்பிய கோவாக் குரு ஜோசப் வாஸ் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்தது, இது அன்று கண்டி மன்னனின் கையில் இருந்த பகுதி என்பதால்தான். அதற்கும் மூன்றரை நூற்றாண்டுக்கு முன், 1344 இல், மொரோக்கோப் பயணி இபின் பத்தூத்தா இதே கரையில் இறங்கினார். முஸ்லிம்கள், முக்குவர், கரையார், பரவர், கத்தோலிக்கர், செட்டிகள், உள்ளே வன்னிக் காட்டோரச் சிங்களக் கிராமங்கள் எல்லாம் இங்கே அடுத்தடுத்து இருந்தன. கரையின் பொது மொழி தமிழ். ஆவணங்களின் மொழி முதலில் போர்த்துக்கேயம், பிறகு டச்சு, பிறகு ஆங்கிலம்.

இந்த ஊரில் 1807 மார்ச் 21 இல் கொழும்புச் செட்டி சமூகக் குடும்பமொன்றில் காசிச்செட்டி பிறந்தார். பதினேழாம் வயதில், 1824 இல், புத்தளத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1828 இல் புத்தளம் பற்றின் மணியகாரர். 1833 இல் மாவட்டத்தின் தலைமை முதலியார். இலத்தீனும் கிரேக்கமும் ஹீப்ருவும் அரபும் சமஸ்கிருதமும் கற்றார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதை விட, நீதிமன்றத்தில் இரு மொழிகளுக்கு நடுவே நின்ற அந்தப் பழக்கம்தான் அவரை ஆக்கியது என்று நான் எண்ணுகிறேன். ஒரு சாதியின் வழக்கத்தை, ஒரு காணியின் எல்லையை, ஒரு தாய்வழி உரிமையைப் பற்றி ஒருவர் தமிழில் சொல்வதை இன்னொருவர் தீர்ப்பெழுதும் ஆங்கிலத்தில் சரியாக வைக்க வேண்டிய வேலை அது. தவறாக வைத்தால் காணி கைமாறிவிடும். அந்தப் பயிற்சி பெற்றவர் ஊர் ஊராகச் செய்தி சேர்த்து எழுதிய நூல் கெசட்டியர்.

அந்த நூலின் துணிவு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஆளுநரை அது எதிர்க்கவில்லை. ஆனால் அன்றைய உலகில் நாடுகளை விவரிப்பது ஐரோப்பியரின் வேலை; விவரிக்கப்படுவது மற்றவர்களின் கதி. காண்டின் புவியியல் விரிவுரைகள் 1802 இல் அச்சேறின. அதில் மனிதகுலம் தன் முழுமையை வெள்ளையரிடம்தான் எட்டுகிறது என்றும், மஞ்சள் நிற இந்தியருக்குத் திறமை குறைவு என்றும் இருக்கிறது. எல்லோரையும் தம் அறிவைத் தாமே பயன்படுத்தச் சொன்ன அதே மனிதர், எல்லோருக்கும் அந்த அறிவு சமமாக இருக்கிறது என்று தம் புவியியலில் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகத்தைப் போற்றுகிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோனிக்ஸ்பெர்க்கின் புவியியல் யாரைத் திறமை குறைந்தவர்கள் என்றதோ அவர்களில் ஒருவர், இன்னொரு துறைமுகத்தில் உட்கார்ந்து, தம் நாட்டின் புவியியலைத் தாமே எழுதி அச்சிட்டார். காண்டை அவர் படித்தார் என்பதற்கு நான் எந்தச் சான்றும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை.

காண்டின் கட்டுரையில் காசிச்செட்டியின் வாழ்க்கைக்கு நேராகப் பொருந்துகிற பகுதி வேறொன்று. ஒருவன் தன் பதவியில் இருந்து அறிவைப் பயன்படுத்துவது ஒன்று. அவனே எழுத்தாளனாக, வாசிக்கிற உலகத்தின் முன் நின்று பயன்படுத்துவது வேறொன்று என்று காண்ட் பிரிக்கிறார். பதவியில் கட்டளைக்குப் பணிய வேண்டும். வரி கட்டச் சொன்னால் கட்ட வேண்டும். ஆனால் அந்த வரி நியாயமற்றது என்று எழுத்தில் வெளிப்படையாக வாதிட அவனுக்குத் தடை இருக்கக் கூடாது. வாதிடு, ஆனால் கீழ்ப்படி என்பது அவர் மன்னன் பிரடெரிக்கின் வாயில் வைக்கிற நியதி.

மணியகாரர் வேலை வரி திரட்டும் ஆட்சியின் அடிமட்டப் படி. அரச அலுவலகமான கச்சேரியின் கட்டளையை ஊருக்குக் கொண்டு போவதும், ஊரின் கணக்கைக் கச்சேரிக்குக் கொண்டு வருவதும் அவர் கடமை. அதே கையால்தான் 1837 இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் பரவரின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதினார். பிறகு அக்கழகத்தின் இலங்கைக் கிளை 1845 இல் தோன்றியபோது அதன் சஞ்சிகையிலும் எழுதினார்: புத்தளத்துக்கு உட்புறம் காட்டில் கிடந்த தம்மன்ன நுவரவின் சிதைவுகள் பற்றி, ரொடியர் பற்றியும் அவர்கள் பேசும் மொழி பற்றியும், தமிழர் உயிரினங்களைப் பகுத்துவைத்த முறை பற்றி. தலைப்புகளைப் பாருங்கள். ரொடியர் அன்று எவரும் அருகே விடாத மக்கள். அவர்களின் மொழியைக் கேட்டு மாதிரி எழுதிவைக்க, முதலியார் பட்டம் பெற்ற ஒருவர் முன்வந்தார். தமிழர் விலங்குகளையும் தாவரங்களையும் வகைப்படுத்திய விதத்தை அறிவு என்று மதித்து, ஐரோப்பிய அறிஞர்களின் கழகத்தின் முன் வைத்தார்.

அவருடைய எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் அவர் தமிழர் பிரதிநிதி. பொன்னம்பலம் இராமநாதனின் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் 1836 இல் மறைந்த பின் காலியாக இருந்த இடம் அது. ஆளுநர் நியமிப்பவர் ஆளுநர் விரும்பும் வரை இருக்கலாம் என்ற ஏற்பாடு. உத்தியோக உறுப்பினர்களுக்கே பெரும்பான்மை. காசிச்செட்டி ஆட்சியின் அடித்தளத்தைக் கேள்வி கேட்டவர் அல்லர். சாதிகளை விவரித்தார், சாதியை எதிர்த்து நின்ற சீர்திருத்தக்காரராக அவரைக் காட்ட என்னால் முடியாது. 1845 இல் அரச சேவைக்குப் போனார்; பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தார். வாதிடு, ஆனால் கீழ்ப்படி என்ற வாக்கியத்தின் இரண்டாம் பாதி அவரிடம் முழுமையாகவே இருந்தது. அதனால் முதல் பாதி பொய்யாகிவிடாது. ஒருவரிடம் இருந்த துணிவை மதிக்க, இல்லாத துணிவையும் அவர்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய துணிவு முழுதாகத் தெரிவது 1859 இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி–ஸ்ட்ராங் அச்சிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ நூலில். தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்பு, அவர்கள் பாடல்களின் மாதிரியோடு. பெண்பாற் புலவர்களைத் தலைப்பிலேயே சேர்த்துச் சொன்ன நூல். காவலி வெங்கட ராமசாமி 1829 இல் கல்கத்தாவில் தக்காணக் கவிஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆயினும் தமிழ்ப் புலவர்களை மட்டும் எடுத்து, தொன்மைக் காலம் முதல் தம் காலம் வரை வரிசைப்படுத்த முனைந்தவர் இவர்.

அன்று இந்த வேலை எத்தகையது என்பதை இன்றைய வாசகர் உணர்வது எளிதல்ல. திருக்குறள் 1812 இல் அச்சாகிவிட்டது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் அண்மையில்தான் அச்சேறியிருந்தது. கலித்தொகை அச்சில் வர 1887 ஆக வேண்டும், பத்துப்பாட்டுக்கு 1889, சிலப்பதிகாரம் முழுமையாக வர 1892, புறநானூற்றுக்கு 1894. அதாவது சங்க காலம் என்று இன்று நாம் சொல்கிற ஒன்றுக்கு உரிய மூல நூல்களில் பெரும்பாலானவை அச்சில் இல்லாதபோது, சங்கப் புலவர்களைப் பற்றி அவர் எழுத வேண்டியிருந்தது. கையில் இருந்தவை ஏட்டுச்சுவடிகள், தனிப்பாடல்களைச் சுற்றி வளர்ந்த கதைகள், புலவர்கள் வாய்வழிச் சொல்லி வந்த வரலாறுகள். ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும், கம்பரோடு போட்டியிட்டவரும், பிள்ளைகளுக்கு நீதி சொன்னவரும் கதைகளில் ஒரே கிழவி. கதைகளை நம்பினால் அவர் பல நூறு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். கதைகளைத் தள்ளினால் எழுத எதுவும் மிஞ்சாது. இப்படி ஒவ்வொரு புலவருக்கும்.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. மரபு சொன்னதை அப்படியே பக்தியோடு திருப்பிச் சொல்லிவிடலாம். எவரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது எல்லாச் சான்றும் வரட்டும் என்று காத்திருக்கலாம். ஹொரேஸின் ஆற்றங்கரை ஆள் செய்ததைப் போல. காசிச்செட்டி கிடைத்ததைத் திரட்டி, பெயரோடும் பாடலோடும் வரிசைப்படுத்தி அச்சில் வைத்தார். பல இடங்களில் தவறினார். அவர் தந்த காலங்கள் பல இன்று நிற்பதில்லை. 1946 இல் கொழும்பில் மறுபதிப்பு வந்தபோது, தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடுதான் வர வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகளை நான் நூலின் தோல்வியாகப் பார்க்கவில்லை. அச்சில் இருந்ததால்தானே 87 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பேரறிஞர் வரி வரியாகத் திருத்த முடிந்தது? இடையில் 1886 இல் யாழ்ப்பாணத்தில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது, இந்த நூலின் தோளில் ஏறித்தான் தமிழில் அந்த வேலையை விரித்தார். வாய்வழிக் கதையை எவரும் திருத்த முடியாது. அது சொல்பவரின் கௌரவத்தோடு ஒட்டியிருக்கும். அச்சிட்ட கூற்றைப் பெயர் தெரியாத எவரும் எடுத்துச் சோதிக்கலாம். அந்தச் சோதனைக்குத் தம்மை ஒப்படைத்ததுதான் அவர் செய்த பெருங்காரியம்.

ஆனால் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றுக்கு ஒரு கிரேக்கரின் பெயரைச் சூட்டினார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்வதில் நியாயமும் உண்டு. ஆயினும் 1841 இல் ‘உதயாதித்தன்’ என்று ஒரு தமிழ் மாத இதழை அவர் தொடங்கினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய ‘உதயதாரகை’ நீண்ட காலம் வாழ்ந்தது. அதற்குப் பின்னால் மிஷனின் சொந்த அச்சகமும், மிஷன் பள்ளிகள் ஆண்டுதோறும் உண்டாக்கிய வாசகர்களும் இருந்தார்கள். தனி மனிதர் ஒருவரின் கையில் இவை இரண்டும் இல்லை. காண்ட் சொன்ன ‘வாசிக்கிற உலகம்’ வெறுமனே இருந்துவிடுவதில்லை. அச்சகம், பள்ளி, சந்தா, தபால் எல்லாம் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. அறியத் துணிகிறவனுக்குக் கேட்கிற காதுகளும் வேண்டும்.

1860 நவம்பர் 5 இல் காசிச்செட்டி இறந்தார். தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றிய அவர் எழுத்து 1934 இல்தான் நூலானது. அதற்குள் இந்தக் கரையோரத்து மக்கள் யார் என்ற கேள்வி பெரிய அரசியலாகிவிட்டது. 1888 இல் இராமநாதன், இலங்கைச் சோனகர் இன வழியில் தமிழரே என்று ராயல் ஆசியக் கழகத்தின் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். தம்மைப் பற்றி இன்னொருவர் சொன்னதை அப்படியே ஏற்காமல், சான்றுக்குச் சான்று வைத்து அச்சில் பதில் கொடுத்த நூல் அது. வீட்டில் தமிழ் பேசும் புத்தளத்து முஸ்லிம்களுக்கு இந்த விவாதம் இன்றும் பழையதாகிவிடவில்லை. யார் சரி என்பது இங்கே என் பொருளன்று. அஸீஸ் தம் சமூகத்துக்குக் கண்காணி தேவையில்லை என்று காட்டினார்; அதற்காக அவரைக் காசிச்செட்டிக்கு அருகில் வைக்கிறேன்.

இதே கரையில் நம் காலத்தில் நடந்த ஒன்றுக்கு வருகிறேன். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையை ரயிலில் புத்தளம் மாவட்டத்து அருவாக்காலுவுக்குக் கொண்டு வந்து புதைக்கும் திட்டம் வேகம் பிடித்தது. அருவாக்காலு புத்தளக் களப்புக்கு அருகே, வில்பத்து வனத்தின் ஓரமாக, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பழைய குழிகள் உள்ள இடம். ஏற்கெனவே சீமெந்துத் தொழிற்சாலையும், நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையமும் இந்த மாவட்டத்தின் தலையில் இருந்தன. 2018, 2019 இல் ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் மக்கள் கிளர்ந்தார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர், பெண்கள், பிள்ளைகள் என்று பல நாட்கள் தெருவில் இருந்தார்கள். கொழும்புக் காலிமுகத்திடல் வரை போனார்கள்.

கூட்டத்தை விட அவர்கள் கேட்ட கேள்விகள்தான் என் மனதில் நிற்கின்றன. சுண்ணக்கல் என்பது வெடிப்பும் துளையும் கொண்ட பாறை. குப்பையிலிருந்து கசியும் நீர் குழியின் அடியில் போடும் விரிப்பைத் தாண்டினால் எங்கே போகும்? களப்புக்கா? களப்புக்குப் போனால் இறாலும் மீனும் என்ன ஆகும்? யானை நடமாடும் பாதையில் வேலி போட்டால் யானை எந்த ஊருக்குள் வரும்? இவை கோஷங்கள் அல்ல. மண்ணியல், நீரியல், உயிரியல் கேள்விகள். நிபுணர் எனக்காகப் புரிந்துகொண்டிருக்கிறார், நான் சிரமப்பட வேண்டியதில்லை என்று இருந்துவிடாத மக்கள் கேட்டவை. குப்பை ரயில் 2019 ஆகஸ்டில் வரத்தான் செய்தது. அக்டோபரில் அந்த இடத்தில் வெடிவிபத்தும் ஒன்று நிகழ்ந்தது.

இலங்கைச் சட்டப்படி, ஒரு பெரிய திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் தரப்படுகின்றன. ஆறு வாரம். அறிக்கைகள் பல நூறு பக்கம் போகக்கூடியவை. விடியமுன் களப்பில் வலை இழுத்து, மீனை விற்று, வீடு திரும்புகிற ஒருவர் அந்த ஆறு வாரத்துக்குள் பிரதேச செயலகத்துக்குப் போய், அறிக்கையை வாசித்து, தம் களப்பைப் பற்றி அதில் எது பிழை என்று கண்டு, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். களப்பின் நீரோட்டத்தை அவரைவிட அறிந்தவர் அந்த அறிக்கையை எழுதியவர்களில் இல்லாமலும் இருக்கலாம். அவருக்குத் துணிவு குறைவு என்று நான் நம்பவில்லை. காலக்கெடு இரண்டு மடங்காவது ஆக வேண்டும். அட்டவணைகளும் பின்னிணைப்புகளும் உட்பட அறிக்கை முழுதும் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். களப்பில் தொழில் செய்பவர்கள் வாய்மொழியாகச் சொல்வதையும் எழுத்து ஆட்சேபத்துக்குச் சமமாகப் பதிந்துகொள்ள, இரு மொழியும் தெரிந்த ஓர் அலுவலர் ஊருக்கு வர வேண்டும். 1824 இல் புத்தளத்து நீதிமன்றத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.